ஐஸ் கம்பெனியில் காய்ந்த துணிகள்

ஐஸ் கம்பெனியில் குழந்தைத் துணி காய்கிறது என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்த மழைக்காலம் முழுக்க அங்கேதான் காய்ந்தது. வீட்டுக் கொடியில் போட்ட துணி நாள்கணக்கில் ஈரம் போகாமல் தொங்கி, முகர்ந்தால் முகத்தைச் சுளிக்கும்படி ஒரு வாடை அடித்தது. சுவரே வியர்த்து வழிகிற மழை. அதனால் குழந்தையின் அப்பாவான ஐஸ்காரர் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சாப்பாட்டுத் தூக்கை ஒரு கையிலும் பிழிந்த துணி மூட்டையை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு போனார்.

கம்பெனியின் முன்பக்கம் போனால் பல் கிட்டிவிடும். நீளமான தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். அது உறையாது, ஆனால் ஐஸைவிடக் குளிர்ந்து கிடக்கும். அதற்குள் தகர டின்கள் வரிசையாக முங்கியிருக்கும். டின்னுக்குள் நல்ல தண்ணீர். நல்ல தண்ணீரின் சூட்டை உப்புத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். உப்புத் தண்ணீரின் சூட்டை மெஷின் வாங்கிக்கொள்ளும். வாங்கியதை எங்கேயாவது கொட்டியாக வேண்டுமே, அதைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டும். அந்தப் பின்பக்கமோ வேறு உலகம். சுருள் சுருளாகக் குழாய்கள். மெஷினிலிருந்து வெளியே வருகிற முதல் குழாயில் கை வைத்தால் "ஸ்" என்று எடுத்துவிட வேண்டும். நனைந்த சட்டையை வேலையாட்கள் அங்கேதான் போடுவார்கள், சாப்பாட்டுத் தூக்கையும் அங்கேதான் சாய்த்து வைப்பார்கள். இப்போது அந்தச் சட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் சிவப்பும் மஞ்சளும் கட்டம் போட்டதுமாகச் சின்னச் சின்னத் துணிகள். ஐஸ்காரரின் மனைவி தையல்காரி. மிஞ்சிய வெட்டுத் துணியையெல்லாம் சேர்த்துவைத்து அவள் தைத்தவை.

கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்கிற மெஷின்காரர், காதில் பஞ்சோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தார்.

"ஏம்பா, இது ஐஸ் கம்பெனியா, பிரசவ ஆஸ்பத்திரியா? முதலாளி வந்து கேட்டா என்ன சொல்றது?"

"மெஷின் குட்டி போட்டிருக்குன்னு சொல்லு."

"சொல்லிடறேன். அப்பன் யாருன்னு கேட்டா உன்னைக் கைகாட்டிடறேன்."

ஐஸ்காரருக்குச் சிரிப்பு தாளவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து அப்பன் ஆனவர். அந்தச் சொல்லை யார் எந்தக் கிண்டலில் சொன்னாலும் அவருக்கு இனித்தது. சாயங்காலம் துணிகளை எடுத்து மடிப்பார். வீட்டுக்குப் போவதற்குள் ஆறிவிடும் என்று, மீன் வியாபாரிகள் ஐஸ் போட்டு எடுத்துப் போகிற தெர்மகோல் பெட்டி ஒன்றைச் சோப்புப் போட்டுக் கழுவி வைத்திருந்தார். அதற்குள் அடுக்கி, மூடி, சைக்கிளில் கட்டிக்கொண்டு போனால், வீட்டில் திறக்கும்போது துணி அப்போதுதான் இஸ்திரி போட்ட மாதிரி கதகதப்பாக இருக்கும். அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மனைவி குழந்தைக்குச் சுற்றுவாள்.

"உங்க பொண்ணோட துணியைத் தொடுறீங்க, துவைக்கிறீங்க, மடிக்கிறீங்க," என்பாள். "பொண்ணை மட்டும் தொடமாட்டேங்கறீங்க."

அங்கேதான் விஷயம் இருந்தது. குழந்தை ஒன்றரை மாதம் முந்திப் பிறந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து, பால் குடிக்கத் தொடங்கியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது நர்ஸ் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினாள். இந்தக் குழந்தைக்குத் தன் சூட்டைத் தானே வைத்துக்கொள்ளத் தெரியாது. உடம்பில் சதை இல்லை. அதனால் எந்நேரமும் யாராவது ஒருவர் வெறும் நெஞ்சில், தோலோடு தோலாகப் போட்டு அணைத்துக்கொண்டு இருக்க வேண்டும். மனைவி பாதி நேரம் வைத்திருந்தாள். மீதி நேரம் ஐஸ்காரரின் அக்கா வைத்திருந்தாள். அக்கா ஒரு கேன்டீனில் சமையல்காரி. அவள் உள்ளே வந்தால் அறையே நிறைந்துவிடும். அடுப்பு முன்னால் நின்று நின்று அவள் உடம்பே ஓர் அடுப்பு. குழந்தை அவள் மேல் கிடந்தால் கண்ணைத் திறக்காது.

ஐஸ்காரர் மட்டும் எட்ட நின்றார். அவர் கை எப்போதும் சில்லென்று இருக்கும். வேலை அப்படி. கல்யாணமான புதிதில் அவர் தொட்டால் மனைவி துள்ளி விலகுவாள், அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். "என் தம்பிக்கு ரத்தம் கிடையாது, உள்ளே ஓடறது ஐஸ் தண்ணி" என்று அக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். வேடிக்கைக்குச் சொன்னது வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி அவர் மனசில் ஊறிவிட்டது. குழந்தை பிறந்த அன்று வேலையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஆசை தாங்காமல் ஒரு விரலால் அவள் காலைத் தொட்டார். குழந்தை உதறிக்கொண்டு வீறிட்டது. "கையை எடுங்க முதல்ல!" என்று அங்கே இருந்த யாரோ அதட்டினார்கள். எடுத்த கைதான். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. என் உடம்பில் குளிர் ஊறிப்போய்க் கிடக்கிறது, அது குழந்தைக்கு ஏறிவிடும் என்று முடிவு கட்டிவிட்டார். வாய்விட்டுச் சொல்லவும் கூச்சம். சொல்லாததால் மனைவி வேறு மாதிரி நினைத்துக்கொண்டாள். இவ்வளவு சின்னதாகப் பிறந்துவிட்டாளே என்று இவருக்கு மனசு ஒட்டவில்லையோ என்று அவளுக்குள் ஒரு முள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரு நாள் காலையில் அச்சு முறிந்து நின்றது. மனைவிக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது. பற்கள் தந்தியடிக்க, போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். அதே காலையில் அக்காவுக்கு இருமல். சளி பிடித்தவர்கள் குழந்தைப் பக்கமே போகக் கூடாது என்பது நர்ஸின் கண்டிப்பான உத்தரவு. அக்கா வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். குழந்தையை மனைவி தன் நடுங்குகிற நெஞ்சில் வைத்திருந்தாள்.

"அவ தூங்கியே ரெண்டு நாளாச்சுடா," என்றாள் அக்கா. "கையிலேர்ந்து புள்ளை நழுவிடப் போகுது. ஏதாவது பண்ணு."

ஐஸ்காரருக்குப் பளிச்சென்று ஒரு யோசனை வந்தது. வந்த யோசனைகளிலேயே அதுதான் மகா மட்டமான யோசனை, ஆனால் வரும்போது அப்படித் தெரியவில்லை. தெர்மகோல் பெட்டி! துணியைக் கதகதப்பாகவே வைத்திருக்கிற பெட்டி குழந்தையை வைத்திருக்காதா? பெட்டியை எடுத்து வந்தார். அடியில் பஞ்சுமெத்தை, அதன்மேல் கம்பளி, சுற்றிலும் துண்டு. ஐஸ் பாளத்தை வெளியூருக்குக் கட்டி அனுப்புகிற ஆள், கட்டுவதில் குறை வைப்பாரா? மனைவியைக்கொண்டே குழந்தையை நாலு சுற்றுத் துணியில் சுற்றவைத்து உள்ளே படுக்கவைத்தார். மூடியை மட்டும் போடவில்லை.

"பாத்தியாக்கா, தொட்டில் மாதிரி இருக்கு."

"கெட்டிக்காரன்டா நீ," என்றாள் அக்கா, துண்டுக்குள்ளிருந்து. "இந்த மூளையை முன்னாடியே காட்டியிருந்தா நான் என் முதுகைக் கொஞ்சம் சாய்ச்சிருப்பேனே."

குழந்தை அழவில்லை, அசையவில்லை, சமத்தாகத் தூங்கியது. மனைவியும் தூங்கிவிட்டாள். ஐஸ்காரர் அடுப்பில் பால் காய்ச்சினார், ரொட்டியை நனைத்துத் தின்றார், பெட்டியை எட்டிப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டார். அப்படி ஒரு மதிய வேளை வீட்டில் அமைந்து எவ்வளவு நாளாயிற்று!

மழைக்கோட்டோடு நர்ஸ் வந்தாள். வாரம் இரண்டு முறை வீடு தேடி வருகிறவள். சின்ன வயசு, அகலமான நடை, வளவளவென்று பேசமாட்டாள். பெட்டியைப் பார்த்ததும் மழைக்கோட்டைக் கழற்றவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நேராகத் துணிச் சுற்றுக்குள் விட்டுக் குழந்தையின் பாதத்தைத் தொட்டாள். முகம் மாறிவிட்டது.

"யாரு இதுல வெச்சது?"

"நான்தான் சிஸ்டர்," என்றார் ஐஸ்காரர், இன்னும் பெருமை தீராமல். "இந்தப் பெட்டியில வெச்ச துணி வீடு வர்ற வரைக்கும் சூடு ஆறாது. நானே பாத்திருக்கேன்."

"துணி எங்கேயிருந்து வருது?"

"கொதிக்கிற குழாய் மேலேயிருந்து."

"இவ?"

ஐஸ்காரர் பெட்டியைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார்.

"துணி சூட்டோட வந்து படுக்குது அண்ணே. இவகிட்ட என்ன சூடு இருக்கு? நாலு சுத்து இல்ல, நாப்பது சுத்து சுத்துங்க. உள்ளே இல்லாததை எது காப்பாத்தும்? நீங்க ஐஸ் வெச்சா ஐஸாவே இருக்கும். சில்லுன்னு ஆன புள்ளையை வெச்சா சில்லுன்னேதான் இருக்கும்."

அவருக்குத் தெரியாத சங்கதியா இது? ஐஸ் வாங்க வருகிறவர்களிடம் அவர் அன்றாடம் சொல்கிற பேச்சு: மரத்தூள் ஐஸைக் குளிரவைக்காது ஐயா, வெளிச்சூடு உள்ளே போகாமல் மறிக்கும், அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் சொன்னவர் தன் பிள்ளை விஷயத்தில் கோட்டை விட்டார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பெட்டியின் விளிம்பைச் சுரண்டினார்.

நர்ஸ் குழந்தையை எடுத்துத் துணிகளை உருவி மனைவியின் நெஞ்சில் படுக்கவைத்தாள். மனைவி கண் விழிக்க முடியாமல் விழித்தாள்.

"நீங்க மாத்திரை போட்டுத் தூங்கணும்மா. இப்படி நடுங்கிக்கிட்டு எவ்வளவு நேரம் பிடிச்சிருப்பீங்க?" என்றாள் நர்ஸ். "நான் அடுத்த தெருவெல்லாம் முடிச்சிட்டு இருட்டறதுக்குள்ள திரும்பி வரேன். அப்பவும் கால் சில்லுன்னு இருந்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடுவேன். வேற வழியில்ல."

"நானும் வரேன்," என்றாள் மனைவி.

"காய்ச்சலோட உங்களை அந்த வார்டுக்குள்ள விடமாட்டாங்க."

மனைவியின் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் இறங்கியது. பதினோரு வருஷம் காத்திருந்து வாங்கினதை மறுபடியும் கண்ணாடிப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு படுத்திருக்க வேண்டும். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

நர்ஸ் அறையைச் சுற்றிப் பார்த்தாள். "இந்த வீட்டுல வேற நெஞ்சே இல்லையா?"

அக்கா ஐஸ்காரரைப் பார்த்தாள். மனைவியும் பார்த்தாள்.

"எனக்கு... லோடு இருக்கு," என்றார் ஐஸ்காரர். "லாரி வந்து நிக்கும். சொல்லிட்டு வந்துடறேன்." செருப்பைக்கூட மாட்டாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். பின்னால் அக்கா, "அட பாவி!" என்றது தெருமுனை வரைக்கும் கேட்டது.

லாரி உண்மையிலேயே நின்றுகொண்டிருந்தது. யாரிடமும் பேசாமல் வேலையில் இறங்கினார். டின்னைத் தூக்கிச் சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் ஓரம் இளகிப் பாளம் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கொக்கி போட்டு இழுத்து, மெல்லிசான கோணியைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய் லாரியில் ஏற்ற வேண்டும். மேலே நிற்பவன் முன்னால் ஏற்றியதைத் தள்ளி இடம் பண்ணும்வரை, பாளத்தைத் திண்டின் மேல் நிறுத்தி, விழுந்துவிடாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் மனைவியின் முகமே நின்றது. கோணி நழுவியதுகூடத் தெரியவில்லை. சட்டை நனைந்து தண்ணீர் இடுப்பு வழியாகக் காலுக்கு ஓடியது.

"ஏய், தூங்கறியா? தள்ளு!" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது.

விலகிப் பார்த்தார். பாளத்தில் ஒரு குழி விழுந்திருந்தது. அவர் நெஞ்சு சாய்ந்திருந்த இடத்தில், நெஞ்சு அகலத்துக்கு, வழவழவென்று. அதைக் கையால் தடவினார்.

"என்னய்யா, ஐஸுக்கு வைத்தியம் பாக்கறியா?" மெஷின்காரர் வந்து நின்றார்.

"இந்தக் குழி எப்படி வந்துச்சு?"

"கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னா உருகாம என்ன பண்ணும்? உன் சூட்டை வாங்கிக்கிட்டு உருகிச்சு."

"என் உடம்புதான் சில்லுன்னு இருக்குமே."

"யாரு சொன்னா?"

"எங்க அக்கா."

மெஷின்காரர் காதுப் பஞ்சை எடுத்துவிட்டு அவரை ஒரு மாதிரி பார்த்தார். "உன் கை சில்லுன்னு இருக்கு. கையில இருந்ததை ஐஸ் வாங்கிக்கிச்சு, அதான். உள்ளேயுமா சில்லுன்னு இருக்கும்? அப்படி இருந்தா நீ எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பே. யோவ், குளிரு எங்கேயும் போகாதுய்யா. சூடுதான் போகும். இவ்வளவு நாளா இந்த மெஷினைக் கட்டி அழறேன், ஒரு சொட்டுக் குளிர் இது பண்ணினதில்ல. இருக்கிற சூட்டை எடுத்துப் பின்னாடி கொட்டும், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். அந்தச் சூட்டுலதானே உன் பொண்ணு துணி காயுது?"

ஐஸ்காரர் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷமாக எத்தனை ஆயிரம் பாளங்கள் இந்தத் தோளிலும் நெஞ்சிலும் சாய்ந்து வேண்டிய மட்டும் குடித்துவிட்டுப் போயிருக்கின்றன! அத்தனைக்கும் கொடுத்தது இந்த உடம்பு. கேட்காமலே கொடுத்தது. கொடுத்து முடிந்தபாடில்லை, இன்றைக்கும் மேட்டில் சைக்கிள் மிதித்தால் வியர்க்கத்தான் செய்கிறது. கொக்கியைக் கழற்றி மெஷின்காரர் கையில் வைத்தார்.

"லோடு?"

"நீ ஏத்து."

"நானா? ஏய்! மெஷினை யாருய்யா பாக்கறது?"

அதற்குள் சைக்கிள் மேட்டில் பாதி ஏறிவிட்டது. அன்றைக்கு அவர் மிதித்த மிதியில் சங்கிலி அறுந்துபோகாதது அதிசயம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக அடுப்படிக்குப் போனார். வெந்நீர் விளாவிச் சோப்புப் போட்டுக் குளித்து, துவட்டி, சட்டை போடாமல் வந்து தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தார். மனைவி ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

"கொடு," என்றார்.

"நிஜமாவா?"

"கையாலே தொடமாட்டேன். கை சில்லுன்னு இருக்கும். நெஞ்சு மட்டும்தான். நீயே படுக்கவெச்சுக் கட்டிவிடு." இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

மனைவிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. இவ்வளவு நாளும் அவளுக்குள் குத்திக்கொண்டிருந்தது இந்த அசட்டு மனுஷனின் பயம்தானா? "இதுக்காகவா இத்தனை நாளா...? சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். எழுந்து, தள்ளாடிக்கொண்டே குழந்தையைக் கொண்டுவந்து அவர் நெஞ்சில் குப்புறப் போட்டாள்.

"யம்மாடி!" என்று ஐஸ்காரர் உடம்பு தூக்கிவாரிப்போடக் கத்தினார். "என்னம்மா இப்படிச் சில்லுன்னு இருக்கா!"

வாசற்படியில் அக்காவுக்குச் சிரிப்பும் இருமலும் ஒன்றாக வந்துவிட்டன. "அப்படிச் சொல்லுடா! ஊரையெல்லாம் துள்ளவெச்சவன்தானே நீ? உனக்கும் ஒருத்தி வந்துட்டா பாரு!"

மனைவியும் அழுதுகொண்டே சிரித்தாள். குழந்தையையும் அவரையும் சேர்த்து அகலத் துணியால் சுற்றிக் கட்டினாள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே படுத்தாள். படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள்.

ஐஸ்காரர் அசையாமல் இருந்தார். வெளியே மழை வலுத்தது. குழந்தையின் இரண்டு பாதங்களும் அவர் விலா எலும்புக்குக் கீழே இரண்டு ஐஸ் துண்டுகளாகப் பதிந்திருந்தன. எடுத்துக்கோ, எடுத்துக்கோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். மூச்சு விட்டால் அவளும் சேர்ந்து ஏறி இறங்கினாள். அக்கா வாசற்படியிலிருந்தே கேன்டீன் கதைகளைச் சொன்னாள்.

"சூப்புல உப்பு போட்டேனா இல்லையான்னு சந்தேகம். மறுபடியும் போட்டேன். நம்ம கிளீனரும் எனக்கு உதவி பண்றதா நினைச்சு ஒரு கை போட்டிருக்கான்..."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, குடிச்சவன் எல்லாம் குடம் குடமாத் தண்ணி குடிச்சான். டேய், அவ எப்படிடா இருக்கா?"

"மூச்சு விடறா."

"அது தெரியும். காலு?"

ஐஸ்காரர் யோசித்தார். இடது பாதம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சற்று முன்புவரை துல்லியமாகத் தெரிந்தது. வலது பாதமும் தெரியவில்லை. "தெரியலக்கா," என்றார் கலவரத்தோடு. "காலைக் காணோம்."

"என்னது, காணோமா?"

தொடைக்கு அடியிலிருந்த ஒரு கையை மெல்ல உருவினார். இவ்வளவு நேரம் மேலே உட்கார்ந்திருந்ததில் அது கணகணவென்று இருந்தது. துணிக்குள் விட்டுத் துழாவினார். பாதம் அங்கேதான் இருந்தது. அவர் தோல் எவ்வளவு சூடோ அதே சூடு. எது அவர், எது அவள் என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரிந்தது. எடுத்த கையைத் திரும்பத் தொடைக்கு அடியில் வைக்க மறந்து, அவள் முதுகின் மேல் வைத்தார். உள்ளங்கைக்குள் அவள் முழுக்க அடங்கினாள். குழந்தை உதறவில்லை. ஐஸ்காரருக்குக் கண் கலங்கிவிட்டது, துடைக்கக் கையில்லை.

இருட்டுவதற்கு முன்னால் நர்ஸ் வந்தாள். ஈரக் கையைத் துடைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, துணிக்குள் விட்டுப் பாதத்தைப் பிடித்தாள். ஐஸ்காரர் அவள் முகத்தையே பார்த்தார். நர்ஸ் இன்னொரு பாதத்தையும் பிடித்துப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் மழைக்கோட்டைக் கழற்றினாள்.

"ஆஸ்பத்திரி எல்லாம் வேண்டாம்," என்றாள். "இங்கேயே இருக்கட்டும்."

"சத்தமாச் சொல்லும்மா, அவளுக்குக் கேக்கட்டும்," என்றாள் அக்கா. மனைவி ஏற்கெனவே விழித்திருந்தாள். காய்ச்சல் விட்டு வியர்த்திருந்தது. எட்டிக் குழந்தையின் தலையைத் தொட்டாள்.

அப்போது ஐஸ்காரர் திடீரென்று விறைத்துக்கொண்டார். கண்கள் அகலமாயின.

"என்னங்க? என்ன ஆச்சு?"

குனிந்து பார்த்தார். கட்டியிருந்த துணியையெல்லாம் தாண்டி, அவர் வயிற்றில் இறங்கி, தொப்புளைச் சுற்றி, இடுப்பு வேட்டி வரைக்கும் கதகதவென்று ஓடியது. வாழ்நாள் முழுக்க அந்த உடம்பில் வழிந்ததெல்லாம் ஐஸ் தண்ணீர்தான்.

"மூத்திரம் போயிட்டாளா?" என்று நர்ஸ் சிரித்தாள். "ஆறறதுக்குள்ள துணியை மாத்துங்க. ஈரத்தோட இருந்தா மறுபடியும் சில்லிட்டுடும்."

மனைவி மடித்துவைத்த மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு, முடிச்சை அவிழ்க்கக் குனிந்தாள்.

"இரு, இரு," என்றார் ஐஸ்காரர், இரண்டு கைகளாலும் குழந்தையை அணைத்துக்கொண்டு. "சூடா இருக்கு. என் பொண்ணு எனக்குக் கொடுக்கறா, வாங்கிக்க விடு."